நேர்க்கோட்டில் எழுந்த அலை

சங்கரன்கோவிலின் மகாராணியும் என் தாயாருமான அன்னக்கிளி அம்மாளுக்கு, புனேயில் கம்ப்யூட்டர் மேய்க்கும் பாண்டியராஜ் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா?

ஒரு சேலைக் கடையின் வெப்சைட்டில் நான் சமுத்திரத்தையே உண்டாக்கிவிட்டேன் அம்மா. நேர்க்கோடுகளை வரிசையாகப் போட்டு, மேலே இன்னொரு வரிசையைச் சற்றே சாய்த்து நகரவிட்டால், யாரும் வரையாத அலைகள் தாமாக எழும். அதைப் பார்த்த முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இல்லையென்றால் அரபிக்கடலில் போய் விழுந்திருப்பார்.

நேற்று மேல் வரிசையை எடுத்துவிட்டேன். அலை மட்டும் அடங்கவில்லை. பக்கத்து சீட்டு சங்கரசுப்புவிடம் காட்டினேன், நம் கரிவலம்வந்தநல்லூர்க்காரன்தான்.

"அண்ணாச்சி, கோடு நேராத்தான கெடக்கு! அலை எங்கன அடிக்கி?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். இடது கண்ணை மூடிப் பார்த்தால் அலை. வலது கண்ணை மூடினால் கோடு நேராகிவிடுகிறது. ஒற்றைக் கண்ணில் கடலை வைத்திருக்கும் பிள்ளை உலகத்திலேயே உனக்குத்தான் வாய்த்திருக்கிறான்.

பயப்படாதே. நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. அப்படியே ஒன்று எழுது: அப்பாவுக்குப் பார்வை போவதற்கு முன்னால், ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறது என்று எப்போதாவது சொன்னாரா? போனில் வேண்டாம், என் குரலை நீ கண்டுபிடித்துவிடுவாய்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் மகன்
பாண்டியராஜ்