பறக்கும் பிரௌசரும் பின்கதவுத் தாழ்ப்பாளும்

தம்பி,

வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடாதே. முதலில் இதைப் படி.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். சாவியைத் திரும்ப எதிர்வீட்டு டெய்லரிடம் கொடுக்காதே, நீயே வைத்துக்கொள்.

நேற்று இரண்டு பிரௌசரையும் திறந்து காட்டி, "உன்னோடது ஆமை அக்கா, என்னோடது பறக்கும்" என்று சிரித்தாயே. பறக்கத்தான் செய்கிறது. ஆனால் கேமராவா, மைக்கா, அது எதைக் கேட்டாலும் நீ படிக்காமலே 'அனுமதி'யை அமுக்குகிறாய். அதற்குத்தான் கத்தினேன். "நம்ம வீட்டை எவன்க்கா எட்டிப் பாக்கப்போறான்?" என்றாய்.

இன்று காலை ஒரு ஆள் கருவிப் பையோடு வந்து, "பூட்டு மாத்தணுமாமே?" என்றான். நான் யாரையும் கூப்பிடவில்லை. உன் பிரௌசரில் பூட்டு விலை தேடினேன், அவ்வளவுதான். சங்கிலியைக் கழற்றாமலே, வேண்டாம் என்றேன். "அவசரமில்ல, அப்புறம் வர்றேன்" என்று சிரித்தான். வந்தால் திறக்காதே.

நான் பூட்டு வாங்கக் கடைக்குப் போகிறேன்.

அக்கா

பி.கு: இப்போதுதான் உறைக்கிறது. போகும்போது அவன், "பின்கதவுதானே? தாழ்ப்பாள்கூட நிக்காதாமே" என்றான். அதை நான் எங்கேயும் டைப் பண்ணவில்லை. நேற்றுச் சண்டையில், அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நின்று, உன்னிடம் வாயால்தான் சொன்னேன்.

பின்கதவுக்கு மேஜையை முட்டுக் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பிளக்கை மட்டும் நீயே பிடுங்கு, எனக்கு அதன் கிட்டப் போகவே பயமாக இருக்கிறது. அதுவரை வீட்டுக்குள் வாயைத் திறக்காதே. மிச்சச் சண்டையைத் தெருவில் போட்டுக்கொள்வோம்.