தொட்டிச் சீட்டு

ஆம்பூர்
8.6.1998

அன்புள்ள லட்சு,

கர்த்தர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரரும் நலம். சிங்கப்பூர் போனதும் மகாராணி ஆகிவிட்டாய், இரண்டு வரி எழுதக்கூட நேரமில்லை. போகட்டும், சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

முதலில் என் பெருமை. நம் தோல் ஃபேக்டரியின் ஏ.சி. அறையில் நீ கட்டிக்கொண்டு அழுத பெரிய கம்ப்யூட்டர், ஏ.எஸ்.400, இன்னும் இருக்கிறது. அதோடு என் மேஜைக் கம்ப்யூட்டரை இணைத்துவிட்டேன்! வேலூருக்கு சனிக்கிழமைதோறும் போய் விஷுவல் பேசிக் படித்தது வீண்போகவில்லை. உன் புரோகிராமில் பச்சை எழுத்துப் பக்கங்களாகத் தாண்டித் தாண்டி வாங்கிய வேலைச் சீட்டு, இப்போது மௌஸை ஒரு தட்டு தட்டினால் வந்துவிடுகிறது. கழிவுநீர்த் தொட்டியைக் கழுவ ஆள் இறக்க அனுமதிக்கும் சீட்டும் அப்படித்தான். லேபிலிருந்து வாயு அளவு வராவிட்டால் சீட்டு தரமாட்டேன் என்று உன் திரை முரண்டு பிடிக்குமே, அந்தத் தொல்லையே இல்லை. மேனேஜர் ராஜகோபால் சார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இன்னொரு நல்ல செய்தி. இவரைத் தொட்டிப் பிரிவுக்கு சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள். இனி அந்தச் சீட்டெல்லாம் 'சாமுவேல்' என்ற பெயரில்தான் வரும்.

உன்
ஃபீபி

சிங்கப்பூர்
19.6.1998

அன்புள்ள ஃபீபி,

மகாராணி இங்கே வாடகை அறையில் ரசம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். உன் சாமர்த்தியத்தை நினைத்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். சாமுவேல் அண்ணனுக்கும் வாழ்த்து சொல். ஆனால் தொட்டிச் சீட்டு பற்றி எழுதியிருந்தாயே, அதில் ஒன்று கேட்க வேண்டும்.

நீ தட்டும்போது அது என் புரோகிராம் வழியாகப் போகிறதா, நேராக ஃபைலில் போய் விழுகிறதா? நேராகத்தான் விழுகிறது போலிருக்கிறது. ஃபைலுக்கு ஒன்றும் தெரியாதடி, எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். வாயு அளவு இல்லாமல் சீட்டு தராதே என்ற தடையை என் புரோகிராமுக்குள்தான் வைத்தேன். வாட்ச்மேனை முன்வாசலில் உட்கார வைத்துவிட்டு, நீ பின்சுவரை இடித்துக் கதவு வைத்திருக்கிறாய்.

அந்தத் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது வரும்வரை தப்பிக்கலாம். வாயு ஏறிவிட்டால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. உன் விஷுவல் பேசிக்கிலிருந்தே என் புரோகிராமைக் கூப்பிட வழி இருக்கிறது. தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அரை நாள் வேலை. அதுவரை தொட்டிச் சீட்டை மட்டும் பழைய திரையில் போடு. உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்.

உன்
லட்சு

ஆம்பூர்
3.7.1998

அன்புள்ள லட்சு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி பாராட்டிவிட்டு ஒரு பக்கம் பயமுறுத்துகிறாய். உன் திரையை ஓரங்கட்டிவிட்டேன் என்று வருத்தமா?

ஆனாலும் மேனேஜரிடம் சொன்னேன். "இன்னாம்மா ஃபீபி, ஷிப்மென்ட் நேரத்துல பேஜார் பண்றே? அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். இவரிடமும் சொன்னேன். "வாடை ஜாஸ்தியா இருந்தா நானே ஆளை இறக்க மாட்டேன். எனக்கு மூக்கு இல்லியா?" என்று சிரித்தார். இப்போதெல்லாம் அங்கே வாடை கம்மியாகிவிட்டதாம். நீ வீணாகக் கவலைப்படாதே.

உன் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஷிப்மென்ட் போகட்டும், செய்துவிடுகிறேன்.

உன்
ஃபீபி

ஆம்பூர்
17.8.1998

லட்சு,

மஹபூப் பாஷா போய்விட்டார். வியாழக்கிழமை தொட்டி கழுவ இறங்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். தூக்கப்போன இவரும் உள்ளே விழுந்துவிட, கயிறு கட்டி இழுத்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொண்டார். கண் திறந்ததும் "வாடையே வர்லியே ஃபீபி" என்றுதான் சொன்னார்.

அன்றைக்கு லேபிலிருந்து அளவே வரவில்லை. சீட்டு இவர் பெயரில் இருக்கிறது. விசாரணை அதிகாரி இவரைத்தான் குடைகிறார். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பழைய புரோகிராம்லயே அந்தத் தடை கிடையாதுன்னு சொல்லிடும்மா. அந்தப் பொண்ணு சிங்கப்பூர்ல இருக்குது. அதை யார் இன்னா பண்ணப் போறாங்க?" என்றார். சொல்லிவிட்டேன் லட்சு. கையெழுத்தும் போட்டுவிட்டேன். உன் புரோகிராமை மிஷினிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

உன்னைக் கேட்டு எழுதுவார்கள். தடை வைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிடு. ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம். இவரை ஜெயிலில் போட்டால் நான் எங்கே போவேன்?

ஃபீபி

சிங்கப்பூர்
27.8.1998

ஃபீபி,

அண்ணன் பிழைத்ததற்குக் கெங்கையம்மனைக் கும்பிட்டேன். மஹபூப் பாஷாவை நினைத்து அழுதேன். ரம்ஜான் நோன்புக் கஞ்சியை நம் ஏ.சி. அறைக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவாரே, அவர்தானே.

உன் கடிதத்துக்கு முன்பே அதிகாரியின் ஃபேக்ஸ் வந்துவிட்டது. என் புரோகிராமில் தடை இருந்ததா என்று கேட்டிருந்தார். இருந்தது என்று அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன். உன் கடிதம் முந்தி வந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறார். புதுத் திரையில் தடை விட்டுப்போனது அங்கே யாருக்காவது முன்பே தெரியுமா என்று. அதற்கு இன்னும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் உன் முகம்தான் வருகிறது. செப்டம்பர் பத்தாம் தேதி வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதம் அதற்குள் உனக்குக் கிடைத்துவிடும். நீயே போய்ச் சொல்லிவிடு. மேனேஜர் சொன்னதையும், அண்ணன் சொன்னதையும் மறைக்காமல் சொல். அது உங்கள் இருவரையும் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

நீ சொல்லாவிட்டால் பத்தாம் தேதி நான் எழுதுவேன்.

யோகலட்சுமி