முதல் வாய் தேவனுக்கு

கொரிந்து,
ஜூன் பிறப்பன்று

என் செல்ல மருமகன் தியோனுக்கு, மாமன் கல்லிப்பஸ் எழுதுவது.

ஏழு கடலும் சாட்சி, எவனும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். கெங்க்ரேயா துறைமுகத்தில் பாய் தைக்கும் என் மருமகனுக்கு ஒரே ராத்திரியில் நூறு அண்ணன் தம்பிகள் பிறந்துவிட்டார்களாம்! உன் அம்மா, என் தங்கை, போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இத்தனை பேரை யார் பெற்றது? அந்தக் கிறிஸ்து சபையில் மூத்த அண்ணன் சோசியஸாம். பொதுக் குளியலறையில் அடுப்பெரிக்கிற பழைய அடிமை! அவன் தும்மினால்கூட நீ எழுந்து நிற்கிறாயாம். ஊர் சிரித்த சிரிப்பில் நம் மலை ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

உன்னைத் தோளில் சுமந்தவன் நான். அவனல்ல.

என் அறுபதாம் பிறந்தநாள் விருந்து வைத்திய தேவன் கோயில் கூடத்தில். காளை பலியிடுகிறோம். என் பக்கத்து இருக்கை உனக்கு.

உன் மாமன்.


கெங்க்ரேயா,
ஜூன் ஐந்து

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கோபப்படாதீர்கள். உங்கள் தேவன் முன் படைத்த இறைச்சியை என்னால் தொட முடியாது. வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தால் அவமானம் உங்களுக்குத்தான். அதனால் வரவில்லை. எழுதவே கை கூசுகிறது.

அதற்குப் பதில், ஞாயிறு மாலை எங்கள் சாப்பாட்டுக்கு நீங்கள் வாருங்கள். சோசியஸ் அண்ணன் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்.

உங்கள் தியோன்.


கொரிந்து,
ஜூன் நடுநாள்

தியோனுக்கு,

வந்தேன், பார்த்தாய். நீ பார்க்காததைச் சொல்கிறேன்.

உங்கள் பருப்புக் குழம்பில் பருப்பைத் தேடி முத்துக்குளிக்கிறவர் மூவர் இறங்கினர். ஒருவர் இன்னும் கரையேறவில்லை. அது போகட்டும். நீ கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தபோது திராட்சை ரசக் கிண்ணம் என் கைக்கு வந்தது. அறுபது வருஷப் பழக்கம்: தேவனுக்கென்று முதல் வாயைத் தரையில் ஊற்றிவிட்டேன். உங்கள் வீட்டில், உங்கள் கிண்ணத்தில்! உடனே கூரை பிளந்தது. கடல் வாசல்வரை வந்து எட்டிப்பார்த்தது. என் தேவன் ஜன்னலில் நின்று கைதட்டினார்.

எல்லாத் தலையும் திரும்புவதற்குள் அந்த அடுப்புக்காரன், "நான்தான், நான்தான்! கை நழுவிடுச்சு" என்று கத்தினான். தன் மேலாடையைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என் காதில், "விடுங்க பெரியவரே. எனக்கும் இங்க வந்த புதுசுல ரொம்ப நாள் கை தன்னால சாயும்" என்றான்.

நீயோ, "என்னண்ணா, பாத்து ஊத்தக் கூடாதா?" என்று அவனைக் கடிந்துகொண்டாய். அவன் தலை குனிந்து சிரித்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இத்தனை நாள் அவன்மேல் பொறாமைப்பட்டேன். இப்போது உன்மேல். எனக்கு அப்படி ஓர் அண்ணன் வாய்க்கவில்லை.

கோயில் கூடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். விருந்து வீட்டில்தான். மீன், கடலிலிருந்து நேராக; எந்தத் தேவனும் முகர்ந்துகூடப் பார்க்காதது. அவனையும் கூட்டி வா. ஆனால் என் பக்கத்தில் நீதான். அவன் எதிரே உட்காரட்டும்.

கூரை, கடல், கைதட்டல் எல்லாம் என் கைச்சரக்கு. அவன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது மட்டும் நிஜம். அவனிடம் மன்னிப்புக் கேள்.

மாமன் கல்லிப்பஸ்.