பட்டியலில் விட்டுப்போன வரி

என்னங்க,

நான் மதிய ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மாமாவுக்குக் குழையப் பிசைந்து கொடுங்கள். அவர் கீழே தையல்காரர் கடையில் இருக்கிறார். முகம் கழுவிக்கொண்டு உடனே போய் அழைத்து வாருங்கள்.

நேற்று நான் கத்தியது தப்புதான். இரண்டு ஊர்ச் செலவையும் ஒப்பிட்டு நீங்கள் போட்ட பட்டியலை இன்று நிதானமாகப் பார்த்தேன். கணக்கில் நீங்கள் புலி, ஒத்துக்கொள்கிறேன். வாடகை, பால், பஸ், கரண்ட் எல்லாமே நீங்கள் குடிபோகலாம் என்று சொல்லும் அந்த ஊரில்தான் மலிவு. "ஒரே மாநிலம்தானே, நாலு மணி நேரத்துல போயிடலாம், இதுக்கு ஏன் அழுவுற?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் கத்தினேன்.

இன்று காலை நான் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மாமா வெளியே போய்விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. மருந்துக்கடைக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். போன வாரம் பஸ் கண்டக்டர். உள்ளே வந்து உட்கார்ந்ததும் மாமா என்னிடம் கேட்டார்: "நீ யாரும்மா? என்னை எங்க வீட்டுல கொண்டுபோய் விடுறியா?"

அதனால் உங்கள் பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'அப்பாவைத் தேடி வீட்டில் கொண்டுவந்து விட.' இந்த ஊருக்கு நேரே சைபர் போட்டிருக்கிறேன். அந்த ஊருக்கு எவ்வளவு என்று நீங்களே எழுதுங்கள்.

பி.கு.: "உங்க மகன் வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு" என்று சொல்லித்தான் மாமாவைக் கடையில் உட்கார வைத்தேன். செருப்பைக் கூடக் கழற்றாமல் காத்திருக்கிறார்.