மூடிய கடையிடம் வசூலித்த பணம்

அன்புள்ள பட்டுவுக்கு,

அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் முழங்கால் ஒன்றைத் தவிர நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை கேட்பதற்கு முன்பே மாப்பிள்ளை போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவரைத் திட்டாதே, நான்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். நீ பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுத்த பதிப்பகம் இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டதாம், நீ அனுப்பிய பில் ஒன்றுக்கும் பணம் வரவில்லையாம், நீயும் 'போனா போகுது விடுங்க' என்று சொல்லிவிட்டு வரைகிற பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாயாம், இனிமேல் தூரிகையைத் தொடமாட்டேன் என்றாயாம். வழக்குப் போட இந்த மாதக் கடைசிதான் கெடுவாம். பணத்தை விடு, நீ வரையாமல் இருப்பாய் என்று கேட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரோ ஒருத்தன் கடையை மூடினால் நீ ஏன் கையை மூடிக்கொள்ள வேண்டும்?

நம் லாண்டரிக்கு நடந்ததை உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன், இப்போது முழுசாகக் கேள். மூலையில் ரெஸ்டாரண்ட் வைத்திருந்தானே, சுத்துவட்டாரமே மணக்கப் பூசிக்கொண்டு வருவானே, அப்பாகூட சென்ட் பாட்டில் என்று பெயர் வைத்தாரே, அவன்தான். அவன் கடை மேஜைத் துணிகளை மாதக்கணக்கில் துவைத்துக் கொடுத்தோம். பில் கொண்டுபோனால் 'அடுத்த வாரம் கண்டிப்பா தர்றேங்க்கா' என்பான். கடைசியில் ஒருநாள் காலையில் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது, வியாபாரம் நிறுத்தப்பட்டது என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நம்மிடம் இஸ்திரி போடும் அக்காவுக்கு அந்த மாதம் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது, அவள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சின்னத் தொகை வழக்குகளுக்கென்று இருக்கிற கோர்ட்டில் போய் வழக்குப் போட்டேன். வக்கீல் வேண்டாம், நம் வாயே போதும். ஆனால் என் புத்தியைப் பார், பில்லில் கடைப் பெயர்தானே இருக்கிறது என்று கடை மேலேயே போட்டுவிட்டேன். எதிர்த்தரப்பில் யாரும் வரவில்லை, தீர்ப்பு எனக்கே வந்தது, தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தேன். அப்புறம் கோர்ட்டு குமாஸ்தா சொல்கிறார், 'தீர்ப்பு கடை பேர்ல இருக்கும்மா, கடையே இல்லையே, யார்கிட்ட போய் வாங்குவீங்க' என்று. இனிப்புத் தின்ற வாயெல்லாம் சிரித்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த சென்ட் பாட்டில் நம் வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, 'கம்பெனி செத்துப்போச்சுக்கா, செத்தவன்கிட்ட என்னத்தக் கேப்பீங்க' என்று இளித்துவிட்டுப் போனான் பார், அன்று தீர்மானித்தேன், இவனை விடுவதில்லை என்று.

கொஞ்ச நாளில் இரண்டு தெரு தள்ளிப் புதுக் கடை திறந்தான், பெயரும் வேறு, போர்டும் வேறு. நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு ஒரு மத்தியான நேரம், அவன் இல்லாதபோது போய் உட்கார்ந்து சூப் கேட்டேன். மேஜைத் துணியின் முனையைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கடைத் துணி இன்னொரு கடைத் துணியோடு கலந்துவிடாமல் இருக்க ஓரத்தில் நூல் அடையாளம் போடுவோமே, அவனுக்குப் போட்டது நீல நூலில் குறுக்கே இரண்டு தையல். அப்படியே இருந்தது, இஸ்திரி அக்கா கைத்தையல். செத்தவன் வீட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு இவன் கல்லா கட்டுகிறான். கைதவறியது போல் சூப்பை அதன்மேல் கவிழ்த்தேன். 'அடடா தம்பி, நானே துவைச்சுக் கொண்டாறேன், ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடு' என்று பரிமாறுகிறவனிடம் கெஞ்சினேன். புது ஆள், என்னைத் தெரியாது, அந்தக் கடையின் பில் தாளிலேயே எழுதிக் கொடுத்தான். வழக்கு வரும்வரை அந்தக் கறையை அப்படியே வைத்திருந்தேன், துவைக்கிற கைக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா உனக்கு.

இரண்டாவது வழக்கு அவன் பெயரிலேயும் புதுக் கடை பெயரிலேயும் போட்டேன். நீதிபதி என் வயசுப் பொம்பளை, பாவம் சளி, மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவனைத்தான் முதலில் பேசவிட்டேன். 'பழைய கடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க, ஸ்பூன்ல இருந்து துணி வரைக்கும் எல்லாம் புதுசு' என்றான். பேசட்டும் என்று பொறுமையாக இருந்தேன். அப்புறம் சூப் கறைத் துணியையும் சீட்டையும் மேஜையில் வைத்தேன், பக்கத்தில் அவன் பழைய கடையிலிருந்து வந்து திருப்பி வாங்காமல் நம்மிடமே கிடந்த துணியை விரித்தேன். இரண்டிலும் அதே தையல். நீதிபதி மாறி மாறிப் பார்த்தார். 'கடனை மட்டும் அங்கே விட்டுட்டு சாமானை மட்டும் எடுத்துட்டு வந்தீங்களா' என்று கேட்டார். சாமானை எடுத்தவர்தான் கடனையும் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் புதுக் கடைச் சாமான்கள் ஜப்தி என்று தீர்ப்பு.

பணத்தை மைத்துனனிடம் கொடுத்தனுப்பினான், நான் வாங்கவில்லை, 'கடன் வச்சவரே வரட்டும்' என்று திருப்பி அனுப்பினேன். வந்தான், சனிக்கிழமை, கூட்ட நேரத்தில். வரிசையில் நிற்கவைத்தேன். அத்தனை பேர் முன்னால் எச்சில் தொட்டு எண்ணினேன், சந்தேகமே இல்லாவிட்டாலும் மறுபடியும் எண்ணினேன். அந்தத் துணியைத் துவைத்ததற்கும் பில் போட்டேன், அதையும் கட்டினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம், மறைக்கமாட்டேன். அப்பா மட்டும் 'பாவம், முகம் செத்துப்போச்சு' என்றார், அன்று அவருக்கு டீ கிடையாது. இஸ்திரி அக்காவின் பாக்கியை அவன் கண்ணெதிரிலேயே கொடுத்தேன்.

இப்போது உன் சமாச்சாரம். என்னைப்போல் போர்டு மேல் வழக்குப் போடாதே, பின்னால் இருக்கிற ஆள் யார் என்று தேடு. குழந்தையின் புதுப் புத்தகத்தில் இருக்கிற யானை நீ வரைகிற அதே அரைத்தூக்கக் கண்ணோடு இருக்கிறதென்று மாப்பிள்ளை சொன்னார், புத்தகம் வேறு பெயரில் வந்திருக்கிறதாம். படத்தை எடுத்துக்கொண்டு போனவன் எவனோ அவன் கட்டட்டும். உன்னிடம் பழைய வரைவுகள் இருக்கும், ஒன்றையும் தூக்கி எறியாதே. சரியாகச் சாப்பிடு, குளிரில் தலையை ஈரமாக விடாதே.

இதோடு கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன், கோர்ட்டுக் கட்டணத்துக்கு. மோந்து பார், சென்ட் வாசனை அடிக்கும், அவன் கொடுத்த நோட்டுதான். குழந்தைக்குச் சட்டை, வீட்டுக்குக் காய்கறி என்று ஒரு காசு எடுத்தாலும் எனக்குக் கெட்ட கோபம் வரும். உன் கை நூறு வருஷம் வரையட்டும், அந்தப் பதிப்பகத்தானுக்குத் தூக்கம் கெடட்டும். கட்டணம் கட்டின ரசீது மாதக் கடைசிக்குள் எனக்கு வரவேண்டும், வராவிட்டால் நானே கிளம்பி வருவேன், டிக்கெட் விலை விசாரித்தாகிவிட்டது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்