டிஜிட்டல் பேனரில் சிரிக்கும் செல்லாயி

அனுப்புநர்
தி. வெண்மதி,
தலைவி, அல்லி மகளிர் சுய உதவிக்குழு,
ஓடைமேடு, நெல்லிக்குப்பம் வழி,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்
திட்ட அலுவலர் அவர்கள்,
‘வலி வெல்வோம்’ மக்கள் விழிப்புணர்வுத் திட்டம்,
கடலூர்.

பொருள்: ஓடைமேட்டில் நடந்த வலி விழிப்புணர்வு முகாமில் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் – கரும்பு வெட்டும் பெண்கள் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்குவது – என் அண்ணி செல்லாயியின் படத்தைக் கேட்காமல் பேனரில் போட்டது – அடுத்த முகாமில் அவர் பேச அனுமதி கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் தங்கள் திட்டத்தின் சார்பில் அன்றாட வலிகளைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லும் முகாம் நடைபெற்றது. அதற்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தது எங்கள் குழுதான். எந்த விழா நடந்தாலும் நாற்காலியை நிரப்ப மகளிர் குழுவைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எல்லோரும் பச்சைச் சேலையில் வந்தால் படத்தில் எடுப்பாக இருக்கும் என்றார்கள். இல்லாதவர்கள் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோம்.

2. சிதம்பரத்திலிருந்து வந்திருந்த மருத்துவர் திரையில் படம் போட்டு விளக்கினார். கணினி முன் அமரும்போது திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்றார். ஏ.சி. காற்று நேராகக் கழுத்தில் படக்கூடாது, மெத்தையைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், முதுகுக்கு நீச்சலைப் போல நல்ல பயிற்சி வேறில்லை என்றும் அறிவுறுத்தினார். கெடிலம் ஆற்றில் தண்ணீர் வரும்போது நீச்சல் குறித்துப் பரிசீலிக்கிறோம். தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொன்னபோது, வயலுக்கு நடந்து, வயலிலிருந்து நடந்து, அப்படியே முகாமுக்கும் நடந்து வந்திருந்த பெண்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

3. அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கரும்பு வெட்டுகிறவர்கள். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் விடிவதற்குள் வயலில் நிற்க வேண்டும். குனிந்து அடிக்கரும்பை வெட்டி, சோகை என்னும் காய்ந்த தோகையைக் கழித்து, கட்டாகக் கட்டித் தலையில் தூக்கி டிராக்டரில் ஏற்ற வேண்டும். இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? அதற்கு இவர்கள் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம் ‘செட்டு’. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி, இரண்டு மூன்று விதமான மாத்திரைகளைப் பெயர் தெரியாமல் பிரித்து, காகிதத்தில் மடித்த பொட்டலம். மேஸ்திரி வைத்திலிங்கம் காலையில் வயலோரத்தில் டீயோடு சேர்த்து ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுப்பார். வலி வந்த பிறகு போடுவதில்லை; வருவதற்கு முன்பே, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டுதான் கத்தியை எடுப்பார்கள். சீசன் முழுக்க இப்படித்தான். தங்கள் முகாமுக்கு வந்த யாருக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கேட்கவும் இல்லை.

4. கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பும் வந்தது. என் அண்ணன் மனைவி செல்லாயி எழுந்து, “வலி வர்றதுக்கு முன்னாடியே மாத்திர போட்டுக்கலாங்களா?” என்று கேட்டார். எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் இந்த மனுவுக்கே வேலையில்லை. மருத்துவருக்கு வேறு ஊரில் வேறு கூட்டம் இருந்ததாம். அவர் சிரித்துக்கொண்டே, வலியைத் தாங்கிக்கொள்வது பழைய காலம், வருமுன் காப்பதே அறிவு என்று சொல்லிவிட்டார். கூடமே கைதட்டியது. கைதட்டச் சொல்லித்தான் எங்களைக் கூட்டி வந்திருந்தார்கள். அண்ணியை மேடைக்கு அழைத்து, வழவழப்பான தாளில் அச்சடித்த கையேட்டைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையேட்டில் இருந்த கணினியைப் பார்த்து டிவி என்று நினைத்தார்.

5. மறுநாளிலிருந்து வயலில் மேஸ்திரியின் வார்த்தைக்கு மருத்துவரின் முத்திரை விழுந்தது. பெரிய டாக்டரே சொல்லிவிட்டார், இனி யாரும் பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். அதுவரை வயிறு எரிகிறது என்று மாத்திரையை ஒதுக்கி வைத்திருந்த பட்டம்மாள் போன்றவர்களும் விழுங்க ஆரம்பித்தார்கள். அண்ணி காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று கூட்டிக்கொண்டார். ஒரு முகாமால் ஊர்ப் பழக்கத்தை மாற்ற முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு எங்கள் ஊரைத் தாராளமாக உதாரணம் காட்டலாம்.

6. மாசி மகத்தன்று நாங்கள் தேவனாம்பட்டினம் போயிருந்தோம். சாமி கடலுக்கு இறங்கும் நேரம். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். வெயில் என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தோம். வயிற்று வலிக்கும் அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து அதே செட்டில் ஒன்றைத்தான் எடுத்து விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் டீத்தூளைக் கரைத்தது போலக் கருப்பாக வாந்தி எடுத்தார். பிறகு சிவப்பாகவும் வந்தது. அந்தக் கூட்டத்தில் ஆட்டோவுக்கு வழி கிடைக்காமல் என் அண்ணன் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். என் அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

7. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது, சிறுநீரகமும் சோர்ந்திருக்கிறது என்றார்கள். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர், வார்டில் நின்றபடியே, கணினியும் திரையும் இல்லாமல் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வலி மாத்திரையே ஆகாது என்பதில்லை. பெயர் தெரியாத மாத்திரையும், வெறும் வயிறும், தினசரிப் பழக்கமும்தான் ஆகாது. மலம் தார் போலக் கருப்பாகப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கட்டைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி, இரண்டு பேராகத் தூக்க வேண்டும். உடம்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் ஒரு நாள் ஓய்வும் மருந்துதான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். தங்கள் முகாம் அரை நாள் நடந்தது.

8. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, இப்போது அடுத்த வேடிக்கை நடக்கிறது. இம்மாதக் கடைசியில் நெல்லிக்குப்பத்தில் இரண்டாவது முகாம் என்று பஸ் நிறுத்தத்தில் டிஜிட்டல் பேனர் வைத்திருக்கிறார்கள். அதில் பச்சைச் சேலையில், கையேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு அண்ணி சிரிக்கிறார். கீழே ‘வலியை வென்ற ஓடைமேடு செல்லாயி’ என்று போட்டிருக்கிறது. பேனர் கட்டிய அன்று அவர் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் படுத்திருந்தார்.

9. இதைத் தெரிவிக்க நான் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். தாங்கள் முகாமில் இருப்பதாகச் சொன்னார்கள். இருக்கையில் இருந்தவர், எத்தனையோ பெண்கள் பேனரில் படம் வராதா என்று ஏங்கும்போது நீங்கள் குறை சொல்ல வந்திருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டார். அவருடைய படத்தை அடுத்த பேனரில் போட்டுக் குறையைத் தீர்க்கலாம்.

10. என் கோபம் படத்துக்காக மட்டும் அல்ல, ஐயா. இன்று காலையிலும் வயலோரத்தில் டீயும் செட்டும் கொடுக்கப்பட்டன. அண்ணிக்கு நேர்ந்ததைச் சொல்லித் தடுத்துப் பார்த்தேன். பட்டம்மாள் என்னைப் பார்த்து, “நீ என்னாடி பயமுறுத்தற, பஸ் ஸ்டாப்புல அவுங்க நல்லாத்தான சிரிக்கறாங்க” என்று சொல்லிவிட்டு விழுங்கினார். என் வாய்ச்சொல் தங்கள் பேனரிடம் தோற்றுவிட்டது. பட்டம்மாளுக்கு இரண்டு நாளாக வயிறு எரிகிறது. அவரையும் யாராவது தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற நிலை வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

11. பேனரைக் கழற்றச் சொல்லி எழுதத்தான் உட்கார்ந்தேன். அண்ணி தடுத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கழட்ட வேணாம், இருக்கட்டும். அந்த மூஞ்சிக்குக் கீழ என்னிய ஒக்கார வெச்சு மைக்கக் குடுக்கச் சொல்லு. நான் வாந்தி எடுத்தத நானே சொல்றேன். நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிட்டுப் போறேன்.”

12. ஆகவே, நெல்லிக்குப்பம் முகாமில் மருத்துவர் பேசுவதற்கு முன்பு என் அண்ணி செல்லாயி பேச அனுமதிக்குமாறும், மேஸ்திரி வைத்திலிங்கத்தை முன்வரிசைக்கு அழைக்குமாறும், செட்டு விற்கும் மருந்துக் கடை குறித்து உரிய அதிகாரிக்கு எழுதுமாறும் வேண்டுகிறேன். மேடையில் அண்ணிக்கு ஒரு நாற்காலி போதும். அதிக நேரம் நிற்க முடியாது. பொன்னாடை, கையேடு எதுவும் வேண்டாம். கூட்டத்தை வழக்கம்போல் நாங்களே சேர்த்துக் கொடுக்கிறோம். பச்சைச் சேலை மட்டும் கட்ட மாட்டோம்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

தி. வெண்மதி
(ஒப்பம்)

செல்லாயி
(இடது பெருவிரல் ரேகை)

இடம்: ஓடைமேடு
நாள்: 15.03.2010

இணைப்பு:
1. பேனரின் புகைப்படம்.
2. இன்று காலை டீயோடு கொடுக்கப்பட்ட மாத்திரைப் பொட்டலம் ஒன்று. பட்டம்மாள் மதியத்துக்கென்று வைத்திருந்ததை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு உரியதைப் பிடுங்க வேண்டியது தாங்கள்.