அனந்தன் என்ற பெயர்

என் அன்புக்குரியவனே,

அன்றைக்கு "இவர் இல்லை" என்று நான் சொல்லவில்லை.

காலையில் அண்ணன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். "ஏட்டி, போன்ல யாருகிட்ட பேசுத? பேரச் சொல்லு, அவன வெட்டிட்டு வாரேன்."

"மெதுவா பேசுல, சால்ல பக்கத்து வீடு எல்லாத்துக்கும் கேக்கும்," என்றாள் அம்மா.

உன் பெயரை விழுங்கிவிட்டு, அனந்தன் என்றேன். நான் உனக்குக் கதை சொன்ன நாவலில், நாகலோகத்திலிருந்து வந்து ஒரு மீனவப் பெண்ணை மணப்பானே, அந்த இளவரசனின் பெயர். இங்கே அப்படி ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

பக்கத்து ஆண்டாப் ஹில்லில் அதே பெயரில் ஒருவர் இருந்தார். பைக் மெக்கானிக். அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"அனந்தன்னா நீதானால?"

"ஆமாண்ணே. வண்டிக்கு என்ன?"

அண்ணன் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தான். முதல் அடியில் பல் தெறித்தது.

"இந்தப் பொண்ண நான் பாத்ததேயில்லண்ணே!" என்று அவர் கதறினார்.

"இவந்தானாட்டி?" என்று அண்ணன் என்னைக் கேட்டான்.

இல்லையென்றால் உன்னைத் தேடிவருவான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் மறுபடி ஓங்கினான்.

நீ டோம்பிவிலியிலேயே இரு. என்னைப் பார்க்க வராதே.

அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அந்த மெக்கானிக்கின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

உன்னவள்